சேமிப்பு இருக்கிறது என்பதற்காக அம்மாவைப் பார்க்கவே வர மறுக்கிறது கவுன்சில்: என்ன செய்யலாம்?

மதி:
இங்கிலாந்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 79 வயது. தன் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு இடது கை வேலை செய்வதில்லை. குளிக்க, உடுத்த, சமைக்க ஆள் வேண்டும். பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் நான்தான் வேலைக்கு முன்னும் பின்னும் ஓடுகிறேன். கவுன்சிலை (உள்ளாட்சி மன்றத்தை) தொலைபேசியில் அழைத்தால் எடுத்த எடுப்பில் "சேமிப்பு எவ்வளவு?" என்றார்கள். 30,000 பவுண்டு இருக்கும் என்றதும், "நீங்களே ஒரு பராமரிப்பு நிறுவனத்தைத் தேடிக்கொள்ளுங்கள்" என்று வைத்துவிட்டார்கள். வீட்டையும் கணக்கில் சேர்த்துவிடுவார்களோ என்று அம்மா வேறு கலங்குகிறார்.

செல்வி:
மதி, அவர்கள் சொன்னது சட்டப்படி செல்லாது. 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, ஒருவருக்கு உதவி தேவைப்படலாம் என்று தோன்றினாலே கவுன்சில் தேவை மதிப்பீடு, அதாவது அவருக்கு என்னென்ன உதவி வேண்டும் என்ற கணிப்பு, செய்தாக வேண்டும். பணக் கணக்கு அதற்குப் பிறகுதான். தொலைபேசியை விட்டுவிடுங்கள், அதில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. மின்னஞ்சலில் அம்மாவுக்கு 9ஆம் பிரிவின்கீழ் தேவை மதிப்பீடும், அவரைக் கவனித்துக்கொள்ளும் உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று பார்க்க 10ஆம் பிரிவின்கீழ் பராமரிப்பாளர் மதிப்பீடும் கேளுங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்கே பலர் இறங்கி வருவார்கள்.

வீட்டைப் பற்றிய பயம் வேண்டாம். அம்மா தன் வீட்டிலிருந்தே பராமரிப்புப் பெறும்வரை அந்த வீட்டின் மதிப்பைப் பார்க்க மாட்டார்கள். சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருக்கும்வரை ஆட்கூலி அவருடைய செலவுதான். ஆனால் தினமும் ஆள் வந்துபோனால் 30,000 கரைய அதிக காலம் பிடிக்காது. மதிப்பீடு முன்பே முடிந்திருந்தால், எல்லைக்குக் கீழே வரும்போது புதிதாக வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அதோடு, சிறிய உதவிக் கருவிகளும், 1,000 பவுண்டுக்குள் முடியும் கைப்பிடிக் கம்பி போன்ற மாற்றங்களும் தேவை என்று முடிவானால், சேமிப்பு எவ்வளவு இருந்தாலும் கட்டணம் கிடையாது. பிறர் உதவி தேவைப்படும் முதியோருக்கு அரசு தரும் உதவித்தொகையான அட்டெண்டன்ஸ் அலவன்ஸும் கேட்டுப் பாருங்கள். அதற்குச் சேமிப்பு வரம்பே இல்லை.

ரவி:
மதிப்பீட்டுக்கு வரும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பெரியவர்கள் வாசலில் ஆளைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கு என்ன குறை, எல்லாம் நானே செய்துகொள்வேன்" என்பார்கள். என் அப்பா தேய்த்த சட்டையோடு வந்து உட்கார்ந்தார். வந்த அம்மையார் "தானே உடுத்துகிறார்" என்று எழுதப் போனார். அந்தச் சட்டையின் பொத்தான் ஒவ்வொன்றையும் போட்டுவிட்டவர் என் அம்மா.

விதி என்னவென்றால், பிறர் உதவியோடு மட்டும் செய்வது, வலியோடு செய்வது, ஆபத்தோடு செய்வது, மிக அதிக நேரம் எடுத்துச் செய்வது எல்லாமே "இயலாது" என்ற கணக்கில்தான் வரும். சாப்பாடு, சுத்தம், கழிப்பறை, உடை, வீட்டுப் பராமரிப்பு, வெளியே போய்வருவது போன்று மொத்தம் 10 அம்சங்கள் உண்டு. உடல்நலக் குறைவால் அவற்றில் இரண்டோ அதற்கு மேலோ இயலாமல், அதனால் அன்றாட நலம் பெரிதும் கெட்டால் தகுதி உண்டு. ஆகவே மோசமான நாள் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே தாளில் எழுதிக் கொடுங்கள். ஒரு கையால் வெந்நீர்ச் சட்டியை இறக்குவதையும் எழுதுங்கள்.

மதி:
நன்றி அக்கா, அண்ணா. அம்மாவுக்கு ஆங்கிலம் போதாது. நானே மொழிபெயர்க்கலாமா? இன்னொன்று: கவுன்சில் பணம் தர வேண்டிய நிலை வந்தால், அதை எனக்கே சம்பளமாகத் தருவார்களா?

செல்வி:
மொழிபெயர்ப்பாளரைக் கவுன்சிலே ஏற்பாடு செய்யும்படி அதே மின்னஞ்சலில் கேளுங்கள். கழிப்பறைச் சங்கடங்களைப் பிள்ளை வாயால் அந்நியரிடம் சொல்ல வைக்க எந்தத் தாயும் விரும்ப மாட்டார்.

சம்பள விஷயம்: நேரடிக் கொடுப்பனவு என்று கேட்டால், பணத்தை அம்மா கைக்கே தருவார்கள், அவர் ஆள் வைத்துக்கொள்ளலாம். ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய உறவினரை வைப்பதற்குப் பொதுவாக அனுமதியில்லை. நீங்கள் தனி வீட்டில் இருப்பதால் அந்தத் தடை உங்களுக்கு இல்லை. ஆனால் அம்மா முதலாளி ஆகிவிடுவார். சம்பளச் சீட்டு, காப்பீடு எல்லாம் அவர் பொறுப்பு. அதற்கு உதவும் அமைப்பைக் கவுன்சிலிடமே கேளுங்கள்.

ரவி:
மின்னஞ்சலுக்கும் அசையாவிட்டால் முதலில் கவுன்சிலின் புகார்ப் பிரிவு, பிறகு உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஆம்புட்ஸ்மன் (கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்). விஷயம் தெரியவந்து 12 மாதத்துக்குள் போய்விட வேண்டும். கட்டணம் இல்லை.