லீவு விட்டால் அப்பாவின் ராஜ்ஜியம்: மனதை விட்டுப் போகாத சம்பவம் உண்டா?

மொட்டைமாடி:

வருடக் கடைசி லீவு. எல்லோரும் வாங்கும் அதே 70 மி.மீ. தொலைநோக்கிதான், 700 குவியத்தூரம். அந்த ஆடும் முக்காலியைப் பற்றி உங்களுக்கே தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக் கிரகம் பொழுது சாய்ந்ததுமே மேற்கில் இருந்தது. வீட்டில் அத்தனை பேரையும் மாடிக்கு வரச் சொல்லியிருந்தேன். 25 மி.மீ. கண்வில்லையில் பிடித்து, அதைக் கழற்றி, இன்னும் பெரிதாகக் காட்டும் 10ஐப் போடுவதற்குள் கிரகம் நழுவிவிடுகிறது. மறுபடியும் தேடு. பெரியவன் கைபேசியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். சின்னவளுக்குத் தூக்கம், மனைவி தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மிச்சம் இருந்தது நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும். அவர் இருந்ததும் ஆர்வத்தினால் இல்லை, படியிறங்க யாராவது கை கொடுக்க வேண்டும்.

ஒருவழியாகச் சிக்கியது. 70 மடங்கில் உருண்டை தனியாக, வளையம் தனியாக, இடையில் இரண்டு பக்கமும் மெல்லிய இருட்டு. அம்மாவைக் கூப்பிட்டேன். ஒரு கண்ணை மட்டும் மூட வராமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். "ம்" என்றார். அப்புறம் நிமிர்ந்து, குழாயின் முன்பக்கம் சுற்றிப் போய், உள்ளங்கையை நீட்டி வில்லையை மறைத்தார்.

"இப்போ நீ பாரு. தெரியுதா?"

"தெரியலம்மா."

கையை எடுத்தார். "இப்போ?"

"தெரியுது."

"உள்ள படம் கிடம் ஒட்டி வெச்சிருக்கியோன்னு பார்த்தேன்."

சோதனை என்னவோ சரியாகத்தான் வந்தது. ஆனால் இன்றுவரை நம்பவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "இவன் ஒரு குழாய் வெச்சிருக்கான், அதுல சனி பொம்மை காட்டுவான்" என்கிறார். கலிலியோவே 1610இல் இதைப் பார்த்துவிட்டு மூன்று கோள்கள் ஒட்டிக்கொண்டு நிற்பதாகத்தான் நினைத்தார், அம்மாவைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

நீலக்குடை:

என்னுடையது சிரிக்கிற கதை இல்லை. என் அப்பா, பழைய ஃபிலிம் கேமரா. லீவுக்கு மட்டும்தான் அலமாரியிலிருந்து இறங்கும். சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்புவதற்கு முந்தின மாலை, மொத்தக் குடும்பத்தையும் வரிசையாக நிறுத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

36 படச் சுருள், எண் காட்டும் சின்னக் கண்ணாடியில் 36 தாண்டியாயிற்று. ஃபிலிமை நகர்த்தும் லீவர் இறுகாமல் இன்னும் இலேசாகத்தான் போகிறது. ஃபிலிம் போட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும், லீவரைத் தள்ளும்போது இடப்பக்கக் குமிழும் கூடவே சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் சுருளின் நாக்கு உள்ளே மாட்டவே இல்லை, முதல் படத்திலிருந்தே எதுவும் பதியவில்லை. நான் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் குமிழைப் பார்த்ததைப் பார்த்தேன். கட்டைவிரல் லீவர் மேலேயே நின்றுவிட்டது.

அப்புறம் தலையைத் தூக்கி, "இன்னும் ஒண்ணு, யாரும் அசையாதீங்க" என்றார். எடுத்தார். "குழந்தைங்க எல்லாம் முன்னாடி வாங்க." எடுத்தார். "இப்போ அண்ணன் தம்பிங்க மட்டும்." இருட்டும் வரைக்கும் இது ஓடியது. அத்தைகள் திட்டிக்கொண்டே தலையை வாரிக்கொண்டு வந்து நின்றார்கள்.

அந்த வருடம் ஒரு படமும் வரவில்லை. "கழுவுற இடத்துல கெட்டுப்போச்சு" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். தெரிந்தேதான் எடுத்தாரா? கேட்கவில்லை, இனிமேல் கேட்கவும் முடியாது.

குதிரைப்பாய்ச்சல்:

நீலக்குடை, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 36 படச் சுருளில் 37, 38 வருவது சகஜம். போடும்போது முன்பக்கத்தை வீணாக்காமல் மாட்டினால் கூடுதலாக ஒன்றிரண்டு கிடைக்கும், அந்தக் காலத்தில் பலர் அதற்காகவே பார்த்துப் பார்த்து மாட்டுவார்கள். அதனால் 36 தாண்டியதும் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. குமிழ்கூட, சுருள் உள்ளே தளர்வாக இருந்தால் முதலில் கொஞ்சம் சுழலாமல் நிற்கும்.

என் கதை சின்னது. லீவு முழுக்க அப்பாவோடு சதுரங்கம். நான் சிப்பாயை ஆன் பசான் முறையில் வெட்டினேன், அதாவது இரண்டு கட்டம் குதித்து என் சிப்பாயின் பக்கத்தில் வந்து நின்ற அவருடைய சிப்பாயை, ஒரு கட்டம்தான் வந்தது மாதிரி பாவித்து எடுத்தேன். அப்பா தன் சிப்பாயை என் கையிலிருந்து பிடுங்கித் திரும்ப வைத்தார். "இங்க நிக்கிற காயை அங்க போய் வெட்டுவியா? எவன் சொல்லிக் கொடுத்தான்?" அவர் பழகிய ஆட்டத்தில் சிப்பாய் எப்போதுமே ஒரு கட்டம்தான் போகும், அதில் இந்த வெட்டுக்கு வேலையே இல்லை. "அப்போ நீங்க ரெண்டு கட்டம் வெச்சது மட்டும் எந்த ஊர் நியாயம்?" என்றேன். பலகையை அப்படியே மடித்துவிட்டார். விதிப் புத்தகத்தைக் காட்டியும் பலிக்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு வயிறு எரிகிறது, அந்த ஆட்டம் ஜெயித்திருக்க வேண்டியது.

நீலக்குடை:

குமிழ் கொஞ்ச நேரம் சுழலாமல் நிற்கும், சரி. 36 படமுமா? நான் அவர் முகத்தைப் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை.

இரவுப்பறவை:

மொட்டைமாடிக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும்.

முதலில், எந்த வருடம் என்று போடவில்லை. 2025 என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த ஆண்டு மார்ச்சில் வளையத்தின் விளிம்பு நம் பக்கம் திரும்பியது, ஆண்டுக் கடைசியிலும் ஒரு கோடு மாதிரிதான் இருந்தது. இடையில் இருட்டெல்லாம் தெரிய வாய்ப்பில்லை.

இரண்டாவது, ஆட்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு தேடக் கூடாது. குழாயின் மேலிருக்கும் சின்னத் தேடுகருவியைப் பகலிலேயே சரிசெய்துவிடுங்கள். தூரத்தில் ஒரு கம்பத்தின் உச்சியைப் பெரிய குழாயில் நடுவில் கொண்டுவந்து, அப்புறம் தேடுகருவியின் திருகுகளைத் திருப்பி அதே உச்சியைக் குறுக்குக்கோட்டில் நிறுத்த வேண்டும். சூரியன் இருக்கும் பக்கமே குழாயைத் திருப்பக் கூடாது, தேடுகருவி வழியாகக்கூடப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். பிள்ளைகள் இருக்கும் வீடு, பகலில் மூடியைப் போட்டே வையுங்கள்.

மூன்றாவது, பெட்டியில் 525 மடங்கு என்று அச்சடித்திருப்பார்கள். 700ஐ 4 மி.மீ. கண்வில்லையால் வகுத்து, மூன்று மடங்கு பார்லோவால் (உருவத்தை இன்னும் பெரிதாக்க நடுவில் செருகும் வில்லை) பெருக்கினால் அந்தக் கணக்கு வரும். கணக்குதான் வரும், படம் வராது. குழாயின் முன்வில்லையின் மி.மீ. அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனால் எல்லாம் கஞ்சிதான், உங்களுக்கு 140 உச்சம். பார்லோவைப் பெட்டியிலேயே விடுங்கள்.

நான்காவது, பிள்ளைகளுக்கு முதலில் சனியைக் காட்டவே கூடாது. நிலாவைக் காட்டுங்கள், முழுநிலா வேண்டாம், அதில் நிழலே இருக்காது. பாதி நிலாவில், இருட்டும் வெளிச்சமும் சேரும் ஓரத்தில் பள்ளங்கள் தெரியும், கத்திவிடுவார்கள். கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்குத் தொலைநோக்கியே வேண்டாம், 7x50 பைனாகுலர் போதும். ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்ப்பதும் வேண்டாம். வீட்டுக்குள்ளிருந்து குழாயை எடுத்து வந்தால் வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை அரைமணி நேரம் சும்மா விடவும்.

என் சம்பவம்: இதே மாதிரி ஒரு லீவு ராத்திரி எல்லாம் சரியாக அமைத்துக்கொண்டிருந்தேன். பையன் பக்கத்தில் வந்து, "இன்னைக்கு லீவுதானேப்பா, ஏன் ஆபீஸ் மூஞ்சி வெச்சிருக்கீங்க?" என்றான்.

மொட்டைமாடி:

2021 டிசம்பர். அப்போது வளையம் நன்றாகச் சாய்ந்திருந்தது. போதுமா?

அடுத்த அறை:

அப்பாக்களின் பொழுதுபோக்கு என்று எல்லோரும் உருகுகிறீர்கள். அந்த நேரத்தில் வீட்டில் மற்ற வேலையை யார் பார்த்தார்கள் என்று ஒரு வரி வரும் வரும் என்று படித்துக்கொண்டே வந்தேன். மேலே ஒரு மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே போகிறாள், அவ்வளவுதான் அவளுக்கு இடம்.

எங்கள் வீட்டில் ரேடியோ. லீவு தொடங்கியதும் சாப்பாட்டு மேசை போய்விடும். பிரித்துப் போட்ட உடம்பு, பற்றவைக்கும் கோல், ஈயக் கம்பி, மருந்து வாடை. ஒரு ராத்திரி ஏதோ ஒரு தூரத்து நிலையம் கரகரவென்று கேட்டது. புரியாத பாஷை. பிள்ளைகள் இரண்டும் குதித்தன. இவர் விளக்கிக்கொண்டிருந்தார்: பகலில் வெயிலால் மேலே உண்டாகும் ஒரு அடுக்கு அலையை உறிஞ்சிவிடும், ராத்திரி அது கலைந்துவிடும், அதற்கும் மேலே இருக்கிற அடுக்கில் பட்டு அலை திரும்பி வரும், அதனால்தான் எங்கிருந்தோ வருகிறது. நன்றாகத்தான் சொன்னார், நானும் துணி மடித்துக்கொண்டே கேட்டேன்.

பெண் கேட்டாள், "அப்பாவுக்கு ரேடியோ பிடிக்கும். அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?"

அவர் குமிழைத் திருப்பிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அம்மாவுக்கு நம்மளைப் பிடிக்கும்" என்றார்.

பிள்ளைகள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டன. மடித்த துணியெல்லாம் சரிந்தது. அன்பாகத்தான் சொன்னார், அதுதான் கோபப்படவும் முடியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் நிறைய வரைவேன். அவருக்குத் தெரியும்.

முப்பத்தொரு மீட்டர்:

வணக்கம் அக்கா. அது வால்வு ரேடியோவா, டிரான்சிஸ்டரா? வால்வு என்றால் கொஞ்சம் கவனம். பிளக்கை உருவின பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், நூற்றுக்கணக்கான வோல்ட். பிள்ளைகள் விரலை விட்டால் ஆபத்து. தக்க மின்தடை ஒன்றை இணைத்து, சார்ஜ் முழுக்க இறங்கின பிறகுதான் கை வைக்க வேண்டும். பழைய ஈயக் கம்பியில் நிஜமாகவே காரீயம் கலந்திருக்கும், அந்த மேசையில் சாப்பிடுவதற்கு முன்னால் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள், கையையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். சன்னலைத் திறந்து வைத்துப் பற்றவைப்பது நல்லது.

அடுத்த அறை:

துடைத்துவிடுங்கள் என்று என்னிடம் ஏன் தம்பி சொல்கிறீர்கள்?