160 ஏக்கர் இலவசக் காணி: ஹோம்ஸ்டெட் சட்டம் நடைமுறையில் எப்படி இருந்தது?

ஹட்டன்_ஏஎல்
எல்லாருக்கும் வணக்கம். உயர்தர வரலாறு ஒப்படைக்கு அமெரிக்காவின் மேற்குக் குடியேற்றத்தை எடுத்திருக்கிறேன். குறிப்பில் இருப்பது ஒரே வரி: 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் இலவசம். கேட்டவுடனே கொடுத்துவிட்டார்களா? யார் அளந்தது, என்ன பத்திரம்? அவ்வளவு காணி கிடைத்தும் ஏன் நிறையப் பேர் விட்டுவிட்டுப் போனார்கள்? நம்ம இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்டுக்கொண்டிருக்கிறோம், அதோடு ஒப்பிட்டு ஒரு பந்தி எழுதலாமா?

கச்சேரி_பக்கம்
தங்கச்சி, முதலில் "இலவசம்" என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்டார், 1863 ஜனவரி 1 முதல் நடைமுறை. காணிக்கு விலை இல்லை, ஆனால் கட்டணம் உண்டு: விண்ணப்பத்தோடு 10 டொலர், காணி அலுவலருக்கு 2 டொலர், கடைசியில் பத்திரம் எடுக்கும்போது இன்னொரு 6 டொலர்.

விண்ணப்பிக்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது குடும்பத் தலைவராக இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு எதிராக ஆயுதம் எடுத்திருக்கக் கூடாது (உள்நாட்டுப் போர் நடந்த காலம் இது). பிரஜையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரஜையாகும் எண்ணத்தைச் சட்டப்படி அறிவித்திருக்க வேண்டும். தனிப் பெண்களும் விதவைகளும் சொந்தப் பெயரில் எடுக்கலாம். கணவனோடு வாழும் மனைவிக்குப் பொதுவாக அந்த வழி இல்லை.

அதன் பிறகு 5 வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். 6 மாதத்துக்கு மேல் ஆள் இல்லாமல் கிடந்தால் இன்னொருவர் முறைப்பாடு செய்து பறித்துக்கொள்ளலாம். காலம் முடிந்ததும், அடுத்த 2 வருடத்துக்குள், இரண்டு சாட்சிகளோடு காணி அலுவலகம் போய்ச் சத்தியக் கூற்று கொடுக்க வேண்டும். ஜீ.எஸ். (கிராம சேவகர்) கடிதம் மாதிரி எதுவும் கிடையாது, பெரும்பாலும் பக்கத்துக் காணிக்காரர்தான் சாட்சி. இன்று உனக்கு நான், நாளை எனக்கு நீ. பொய்ச் சாட்சி பெருகியது அதனால்தான்.

நம்ம 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் முதலில் பெர்மிட், நிபந்தனை முடிந்ததும் அளிப்பு (அரசு தரும் உரிமைப் பத்திரம்) என்று வருகிறதே, அமைப்பு கிட்டத்தட்ட அதுதான். வித்தியாசம் கடைசிப் படியில் இருக்கிறது. இங்கே அளிப்புக் காணியை நினைத்தபடி விற்கவோ துண்டு போடவோ முடியாது. அங்கே பத்திரம் கைக்கு வந்த மறுநாளே விற்கலாம், அடகு வைக்கலாம்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. 5 வருடம் காத்திருக்க விரும்பாதவர் 6 மாதம் குடியிருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டொலர் கட்டி உடனே பத்திரம் எடுக்கலாம், 160 ஏக்கருக்கு 200 டொலர். மாட்டுப் பண்ணைக்காரர்களும் மரக் கம்பனிகளும் கூலிக்கு ஆள் பிடித்து, அவர்கள் பெயரில் எடுத்து, பிறகு தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டது இந்த வழியில்தான்.

செயின்_66
அளவைப் பகுதி என்னுடையது. பேர்ச்சஸ் கணக்குத் தெரிந்த ஆளுக்கு அமெரிக்கக் கணக்கு புதிதில்லை, இரண்டுக்கும் ஒரே கன்டர் சங்கிலிதான் அடிப்படை. 66 அடி, 100 கண்ணி. அதில் கால்வாசி 16½ அடி. அந்தப் பக்க அளவுள்ள சதுரம் 1 பேர்ச், அதாவது 272¼ சதுர அடி. 160 பேர்ச் ஒரு ஏக்கர், 80 சங்கிலி ஒரு மைல்.

1785ஆம் ஆண்டுக் காணிக் கட்டளைச் சட்டம் நிலத்தை 6 மைல் சதுரமான டவுன்ஷிப்புகளாக வெட்டியது. ஒவ்வொன்றிலும் 36 செக்ஷன், செக்ஷனுக்கு 640 ஏக்கர். 16ஆம் செக்ஷன் பாடசாலைக்கு. செக்ஷனில் கால் பங்குதான் அந்த 160 ஏக்கர், பக்கத்துக்கு 40 சங்கிலி, 2,640 அடி.

சங்கிலி பிடிக்க இரண்டு பேர். முன்னால் போகிறவர் சங்கிலி முடிவில் இரும்புக் குச்சி குத்துவார், பின்னால் வருகிறவர் அதைப் பிடுங்கிச் சேர்ப்பார். சேர்ந்த குச்சிதான் கணக்கு. ஒரு குச்சி புல்லுக்குள் தவறினால் கோடு 66 அடி பிசகும். சரிவில் சங்கிலியை நிலத்தோடு படுக்க வைக்கக் கூடாது, கிடைமட்டமாகத் தூக்கிப் பிடித்துத் துண்டு துண்டாக இறங்க வேண்டும். நம்ம மலைச்சரிவுக் காணியில் பிளானில் உள்ள அளவும் காலால் நடக்கும் அளவும் ஒத்துவராததும் இதே காரணத்தால்தான்.

பூமி உருண்டை என்பதால் வடக்கே போகப் போக நெடுங்கோடுகள் நெருங்கும். 6 மைல் சதுரம் சரியாக உட்காராது. மிச்சமோ குறையோ வந்தால் டவுன்ஷிப்பின் வடக்கு, மேற்கு ஓரச் செக்ஷன்களில் தள்ளுவார்கள். ஆகவே அந்த ஓரத்தில் எடுத்தவருக்கு 160 முழுதாகக் கிடைத்திருக்காது, அல்லது கொஞ்சம் கூடவே கிடைத்திருக்கும்.

பெரிய தொல்லை மூலைக்கல். மரம் உள்ள இடத்தில் பக்கத்து மரங்களில் அடையாளம் வெட்டலாம். புல்வெளியில் கட்டையும் மண்மேடும்தான். உள்ளே கரி புதைப்பார்கள், ஏனென்றால் கரி உக்காது. மேடு கரைந்தாலும் தோண்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அளவையாளருக்கு மைல் கணக்கில் ஒப்பந்தக் கூலி, அதனால் சிலர் அவசரத்தில் அரைகுறையாக முடித்தார்கள், சில கோடுகள் கூடாரத்துக்குள்ளேயே தாளில் அளக்கப்பட்டன. குடியேறியவர் மூலையைத் தேட வண்டிச் சக்கரத்தில் துணி கட்டிச் சுற்றை எண்ணுவார். சக்கரச் சுற்றளவு 12 அடி என்றால் அரை மைலுக்கு 220 சுற்று.

மழைமானி
விட்டுவிட்டுப் போனதற்கு முதல் காரணம் மழை. 160 ஏக்கர் என்பது கிழக்கு மாநிலங்களின் ஈரத்துக்குப் பொருந்தும் கணக்கு. 100ஆம் மேற்கு நெடுங்கோட்டுக்கு அப்பால் ஆண்டு மழை 20 அங்குலத்துக்கும் (சுமார் 500 மி.மீ.) குறைவு. நம்ம மலைநாட்டு வட்டவளையில் இதைப்போல் பத்து மடங்கு பெய்கிறது. மேற்கை ஆராய்ந்த புவியியலாளர் ஜோன் வெஸ்லி பவல் 1878இலேயே அறிக்கை கொடுத்தார்: நீர் பாய்ச்சினால் 80 ஏக்கர் போதும், வெறும் மேய்ச்சலுக்கு 2,560 ஏக்கர் தேவை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கேட்கவில்லை. ஏர் போன இடத்துக்கு மழையும் வரும் என்று அப்போது பலர் நம்பினார்கள். 1880களின் முற்பகுதியில் மழை நன்றாகப் பெய்து அந்த நம்பிக்கையை வளர்த்தது, அடுத்து வந்த வறட்சி சனத்தைத் திருப்பி அனுப்பியது. 320 ஏக்கராக உயர்த்தியது 1909இல்தான், குடியிருப்புக் காலத்தை 3 வருடமாகக் குறைத்தது 1912இல்.

இரண்டாவது காரணம் கைமுதல். மாடு, கலப்பை, விதை, கிணறு எல்லாம் சொந்தச் செலவு. மரமே இல்லாததால் வேலி அடைக்க வழியில்லை. ஜோசப் கிளிடன் 1874இல் முட்கம்பிக்குக் காப்புரிமை எடுத்த பிறகே அது மலிந்தது. வீடும் மண்தான். புல்வேரோடு சேர்த்துக் கலப்பையால் ஓர் அடி அகல, 4 அங்குலக் கன நாடாவாகக் கீறி, 2 அல்லது 3 அடித் துண்டாக வெட்டி, புல் பக்கம் கீழே வர அடுக்குவார்கள். 2 அடிக்கு மேல் கனமான சுவர், குளிருக்கு நல்லது. கூரைதான் பிரச்சினை: மழை விட்ட பிறகும் உள்ளே சேறு சொட்டும், நனைந்த பாரத்தில் சில கூரைகள் விழுந்தும் விட்டன.

1874 கோடையில் வெட்டுக்கிளி வேறு. கன்சாஸ், நெப்ராஸ்கா பக்கம் நின்ற பயிரை அது தின்று தீர்த்தது.

டிக்கோயா_டீச்சர்
எல்லாம் சரி, ஆனால் இதுவரை யாரும் அந்த நிலம் யாருடையது என்று கேட்கவில்லை! 1868 லாரமி கோட்டை உடன்படிக்கை பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியைப் பூர்வகுடிகளான லக்கோட்டா மக்களுக்கென்று ஒதுக்கியது. 1874இல் அங்கே தங்கம் தெரிந்தது, 1877இல் காங்கிரஸ் பறித்துக்கொண்டது. அது நட்டஈடு கொடுக்க வேண்டிய பறிப்பு என்று உச்ச நீதிமன்றமே 1980இல் தீர்ப்பளித்தது. 1887 டோஸ் சட்டம் பூர்வகுடிகளின் பொதுக் காணியைக் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்று துண்டு போட்டது, "மிச்சம்" வெளியாருக்குப் போனது. 1887இல் அவர்களிடம் இருந்தது 13.8 கோடி ஏக்கர், 1934இல் சுமார் 4.8 கோடி.

மகளே, ஒப்பீட்டுப் பந்திக்கு 7 பேர்ச்சஸை 160 ஏக்கரால் வகுக்க வேண்டாம். 3,657 பங்கு என்று விடை வரும், அதற்குப் புள்ளி வராது. இலங்கையின் 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறல் கட்டளைச் சட்டத்தை எடுங்கள். காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, பிரித்தானிய முடிக்கு (அரசுக்கு)ச் சொந்தம் என்று அது அனுமானித்தது. கண்டிப் பகுதி விவசாயியிடம் நிரூபிக்கப் பத்திரம் ஏது? அந்தக் காணியைக் கோப்பித் துரைமார் ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு வாங்கினார்கள், 1844இல்தான் விலை 20 ஷில்லிங் ஆனது. பயன்படுத்துகிறவரிடமிருந்து நிலத்தைச் சட்டத்தால் பிரித்து அரசு பங்கிடுவது, அதுதான் இரண்டுக்கும் பொது. வேறுபாடு விண்ணப்பிக்கும் தகுதியில் வருகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கியவர் எண்ணத்தை அறிவித்தாலே அங்கே காணி கேட்கலாம். இங்கே தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்தவர்களின் பிரஜாவுரிமையையே 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டம் எடுத்துவிட்டது.

ஹட்டன்_ஏஎல்
ரொம்ப நன்றி டீச்சர், எல்லா அண்ணன்மாருக்கும் நன்றி. இதை "19ஆம் நூற்றாண்டுச் சட்டம்" என்று தலைப்புப் போட்டால் சரிதானே?

கச்சேரி_பக்கம்
போடாதீர்கள். சட்டம் 1976 வரை இருந்தது, அலாஸ்காவில் 1986 வரை. பத்திரமான ஏக்கர்களில் பெரும்பகுதி 1900க்குப் பிறகு வந்தது. மொத்தம் சுமார் 16 லட்சம் பத்திரம், 27 கோடி ஏக்கர். "1862 முதல்" என்று தொடங்கினால் போதும்.