மரம் வெட்டிய காட்டில் பூச்சிகள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

சருகுமூட்டை:
பூச்சிகளை எண்ணும் ஒரு ஆய்வில் மூன்று வருடம் உதவியாளாக இருந்தேன். பிளாஸ்டிக் டம்ளரை வாய் மண்மட்டத்தில் இருக்கும்படி புதைப்போம். உள்ளே கொஞ்சம் சோப்புத் தண்ணீர், மேலே துணியில் முடிந்த சாணி உருண்டை. மறுநாள் விழுந்ததை வடிகட்டி எண்ணுவோம். (அந்த வாசனை பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை.)

வெட்டி ஆறு மாதமான கூப்பிலும் (மரம் வெட்ட ஒதுக்கிய காட்டுப் பகுதி) டம்ளர் நிறைய வண்டுதான். "பரவாயில்லையே" என்றுதான் நினைத்தேன். வெள்ளைத் தட்டில் கொட்டிப் பிரித்தபோது விஷயம் புரிந்தது. எல்லாம் கடுகளவு, இரண்டே வகை. வெட்டாத காட்டில் கிடைத்த, கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய குழிதோண்டி வண்டு ஒன்றுகூட இல்லை. சாணியை ஆழமாகப் புதைப்பது அந்தப் பெரியவைதான். சாணியோடு விதையும் உள்ளே போவதால் எலியின் பல்லுக்குத் தப்பும். கூப்பில் மூன்று நாள் ஆன சாணி வெயிலில் காய்ந்து ஓடு மாதிரி கிடந்தது. காலால் புரட்டினேன், அடியில் மண் அப்படியே இருந்தது.

நிழல் போனால் மண் கொதிக்கிறது. பெரிய விலங்குகள் ஒதுங்கினால் சாணியும் குறைகிறது. இரண்டு அடியும் ஒரே நேரத்தில் விழுகிறது.

வெயில்விரும்பி:
நான் பார்த்தது நேர்மாறு. லாரிப் பாதை போட்டு மரம் எடுத்த பிறகுதான் அந்த இடத்தில் பட்டாம்பூச்சி கூடியது. ஈரமண்ணில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சும். வெட்டினால் எல்லாம் அழிந்துவிடும் என்று ஒரேயடியாகச் சொல்வது சரியா?

சருகுமூட்டை:
நீங்கள் சொல்வதும் உண்மைதான். வெளிச்சம் வந்தால் பூச்செடியும் புல்லும் வரும், பின்னாலேயே பட்டாம்பூச்சியும் வரும். ஆனால் அவை பெரும்பாலும் எந்தச் சாலையோரத்திலும் பார்க்கக் கூடியவை. உள்காட்டில் தரையோடு தாழப் பறந்து, விழுந்த பழத்தில் உட்காரும் பழுப்பு நிறத்தவை அங்கே இருந்தனவா? எத்தனை வகை என்று மட்டும் எண்ணினால் வெட்டிய காடு ஜெயித்தது போலத் தெரியும். எந்த வகை என்று கேட்டால் கணக்கு மாறிவிடும்.

மரத்தூள்:
நான் வெட்டுகிற பக்கம் இருந்தவன். உளுத்த மரத்தையும் சேர்த்துத் தள்ளச் சொல்வார்கள், இடம் சுத்தமாக இருக்கணுமாம். ஒரு பொந்து மரத்தை அறுத்தபோது உள்ளே காப்பித்தூள் மாதிரி மட்கிய தூள், அதில் விரல் தடிமனில் வளைந்து கிடந்த வெள்ளைப் புழுக்கள். மான்கொம்பு வண்டு போன்றவற்றின் புழு இப்படி உளுத்த மரத்தில் பல வருடம் கிடந்துதான் வண்டாகும் என்று பின்னால்தான் தெரிந்தது. பின்லாந்துக் காட்டு உயிரினங்களில் 20 முதல் 25 சதவீதம் செத்த மரத்தை நம்பியவை என்கிறார்கள். ஸ்வீடனில் வெட்டும்போதே சில மரங்களை ஆள் உயரத்துக்கு மேல் அடிமரமாக நிறுத்திவிடுவதும் இதற்காகத்தான்.

மறுபக்கமும் உண்டு. பட்டையோடு அடுக்கி வைத்த புது ஸ்ப்ரூஸ் (குளிர்நாட்டு ஊசியிலை மரம்) கட்டைகளில் பட்டைத்துளைப்பான் வண்டு பெருகும். பட்டைமேல் செம்பழுப்புத் தூள் உதிர்ந்து கிடந்தால் அதுதான் அடையாளம். அங்கே பெருகியது பக்கத்தில் நிற்கும் மரத்துக்கும் தாவும். ஆகவே புதுக்கட்டையைச் சீக்கிரம் எடுக்கணும், பழைய உளுத்ததை விடணும். நாங்கள் செய்தது தலைகீழ்.

உச்சிக்கிளை:
விழுந்த மரத்தின் தலைப்பக்கம் நடந்து பார்த்திருக்கிறீர்களா? கிளை கழிப்பதற்கு முன் ஒருமுறை போனேன். பாசி, பெரணி, அதில் உடைந்த எறும்புக்கூடு. எறும்புகள் வெள்ளைக் கூட்டுப்புழுக்களைக் கவ்விக்கொண்டு போக இடம் தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தன. பனாமாவில் டெர்ரி எர்வின் என்ற பூச்சி ஆய்வாளர் ஒரே வகை மரத்தில் 19 மரங்களுக்குப் பூச்சிமருந்துப் புகைபோட்டு ஏறக்குறைய 1,200 வகை வண்டுகளை எடுத்தார். அதை வைத்து 1982இல் அவர் போட்ட, வெப்பமண்டலத்தில் பூச்சி, சிலந்தி போன்றவை 3 கோடி இனம் என்ற கணக்கு மிகை என்று பின்னால் பலரும் சொன்னார்கள். வண்டுகள் என்னவோ நிஜம்.

வெயில்விரும்பி:
சருகுமூட்டை, அந்தப் பெரிய வண்டு திரும்பி வந்ததா?

சருகுமூட்டை:
மூன்றாம் வருடம் இரண்டு கிடைத்தன. ஓடையோரம் வெட்டாமல் விட்டிருந்த மரவரிசைக்குள் வைத்த டம்ளரில். அங்கிருந்து ஐம்பதடி தள்ளி, கூப்புக்குள் வைத்ததில் அப்போதும் கடுகுதான்.