டிராயிங் சாரின் படங்களைக் காப்பாற்ற உதவி தேவை

மறைந்த எங்கள் டிராயிங் சாரின் நீர்வண்ண ஓவியங்களை மதுரையிலேயே கண்காட்சியாக வைக்க மாணவர்கள் சேர்ந்திருக்கிறோம். மகால் தூண்கள், யானைமலை, வண்டியூர் தெப்பக்குளம் என்று அவர் நேரில் உட்கார்ந்து வரைந்தவை. அந்தக் கை இனி வராது; தாள்களாவது நிலைக்க வேண்டும்.

பல தாள்களில் பழுப்புப் புள்ளிகள். ஈரப்பதத்தால் வருவது, ஈரத்துணியால் துடைத்தால் வண்ணமும் கரையும், அதனால் தொடவில்லை. சிலவற்றின் பின்புறம் செல்லோடேப். அதன் பசை தாளுக்குள் இறங்கிக் கறையாகும், பிய்த்தால் தாளின் மேல்தோல் உரியும். பக்குவமாக எடுக்கத் தெரிந்தவர் மதுரைப் பக்கம் யாராவது இருக்கிறார்களா?

ஃபிரேம் போட அமிலமற்ற மவுண்ட் போர்டு (படத்தைத் தாங்கும் அட்டை) வேண்டும். படத்துக்கும் கண்ணாடிக்கும் 3 மி.மீ. இடைவெளி, மேல்விளிம்பில் மட்டும் கோதுமை ஸ்டார்ச் பசையில் ஒட்டிய இரண்டு காகிதக் கீல்கள், அதாவது படத்தை அட்டையோடு பிடிக்கும் சிறு காகிதப் பட்டைகள். நான்கு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் தாள் விரிய இடமில்லாமல் நெளிந்துவிடும். இப்படிச் செய்துதரும் கடை தெரிந்தால் சொல்லுங்கள். படத்தின்மேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். லக்ஸ் மீட்டர் இரவல் கிடைக்குமா?

சார் கொடுத்த படம் வீட்டில் இருந்தால் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. நிழலான சன்னலோரம் ஃபிளாஷ் இல்லாமல் ஒரு போட்டோ, பின்பக்கக் கையெழுத்தும் தேதியும் தெரிய இன்னொன்று எடுத்து இங்கே போடுங்கள்.