போர் தண்ணீரில் மீத்தேன்: ஆர்ஓ போதுமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் வீடு வாங்கியிருக்கிறோம். போர் தண்ணீர் டம்ளரில் பால் மாதிரி விழுந்து, அடியிலிருந்து மெல்லத் தெளிகிறது. பரிசோதனையில் லிட்டருக்கு 19 மில்லிகிராம் மீத்தேன். ஆர்ஓ போட்டால் போதுமா?

பதில்: போதாது. கரைந்த வாயு ஆர்ஓ சவ்வைத் தாண்டிவிடும், கரி வடிகட்டிக்கும் சிக்காது. காற்றோட்டமுள்ள தொட்டியில் தண்ணீரைத் தெளித்து, பிரியும் வாயுவைக் கூரைக்கு மேல் குழாயில் விடுங்கள். குடிப்பதால் ஆபத்து இல்லை. மூடிய அறைக் காற்றில் 5 சதவீதம் சேர்ந்தால்தான் வினை, வெடிக்க சுவிட்ச் பொறியே போதும்.

கேள்வி கேட்டவர்: மணல் வடிகட்டி அந்தத் தெளிக்கும் தொட்டிக்கு முன்னாலா, பின்னாலா?

பதில்: பின்னால்தான். நான் நெதர்லாந்தில் நிலத்தடி நீர் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மீத்தேன் மணலுக்குள் போனால் அதைத் தின்னும் பாக்டீரியா கொழகொழவென்று பெருகும், ஆக்சிஜனையும் காலி செய்யும். அப்புறம் தண்ணீரில் அம்மோனியா இருந்தால் அது சரியாக நீங்காது. அப்படிப்பட்ட மணலை அள்ளினால் வெண்டைக்காய்ச் சாறு போல நூலிழுக்கும்.

கேள்வி கேட்டவர்: சரி, முதலில் கூரைக் குழாய்க்கு ஆள் பிடிக்கிறேன்.