பரிசுப் பணம் சரி, மைதானம் எங்கே?

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊர்ச் சங்கப் பொருளாளர் அண்ணன் இந்தக் குழுவில் போட்ட கணக்கைப் பார்த்தேன். பொங்கல் ஓட்டப்பந்தயத்துக்கு முதல் பரிசு 25,000 ரூபாய், அதற்கு நம் பங்கு ஆளுக்கு 50 பவுண்டு. தருகிறேன். ஆனால் போன மாதம் ஊருக்குப் போய்வந்த என் தங்கை சொன்னதைப் பற்றி இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. பள்ளி மைதானத்தில் பாதி இடத்துக்குச் செங்கல் அடுக்கியிருக்கிறதாம், மீதியில் கருவேலமுள். பிள்ளைகள் தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓடிப் பழகுகிறார்கள்.

பணம் வைத்தால்தான் பையன்கள் ஓட வருவார்கள் என்று மேலத்தெரு மாமா எழுதியிருக்கிறார். மாமா, நான் இருப்பது ஸ்காட்லாந்தில், எடின்பரோவில். இங்கே பவுடர்ஹால் என்று ஒரு மைதானம் இருந்தது. ஆங்கில வருஷப் பிறப்புக்குப் பணப் பரிசு ஓட்டப்பந்தயம் நடந்த இடம். அதே மைதானத்தில்தான் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல் பழகினார், ஒரு காசு கூட வாங்காமல். அப்போதெல்லாம் பணம் வாங்கினால், பணத்துக்கு ஓடாதவர்களுக்கான அமெச்சூர் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். பயிற்சி கொடுத்து, கால் தசையைப் பிடித்துவிட டாம் மெக்கெர்ச்சர் கூடவே இருந்தார். 1923இல் லிடெல் 100 கெஜத்தை 9.7 வினாடியில் ஓடினார், அந்த பிரிட்டிஷ் சாதனை பல வருஷம் நின்றது. அதே மாதம் இங்கிலாந்தில் ஸ்டோக் என்ற ஊரில் 440 கெஜத்தில் தடுக்கி விழுந்து, எழுந்து ஓடி, ஜெயித்தார். பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரின் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று சில மாதம் முன்னாலேயே தெரிந்துவிட்டது. தீவிர கிறிஸ்தவரான அவர், ஞாயிறு கடவுளுக்கான நாள், அன்று ஓட மாட்டேன் என்று விட்டுவிட்டு, 400 மீட்டருக்குப் பழகினார். 1924 ஜூலை 11, கடைசி வெளிப்பாதையில் ஓடியதால் மற்றவர்கள் பின்னால்தான், பார்க்கவே முடியாது, முதல் 200 மீட்டரை 22.2 வினாடியில் கடந்து 47.6 வினாடியில் தங்கம். மறு வருஷமே சீனாவுக்கு வாத்தியார் வேலைக்குப் போய்விட்டார். 1945இல் அங்கே ஜப்பானியர் முகாமில் உயிர் போனது, வயது 43.

அந்தக் காலத்தில் ஓட்டம் தொடங்கும்போது காலை ஊன்றி உதைக்கக் கட்டை கிடையாது. ஆளுக்கொரு சின்னக் கரண்டியால் சாம்பல் தரையில் இரண்டு குழி தோண்டிக் கொள்வார்கள். நாமும் அப்படித்தானே, அரிவாள் முனையால்? பெரியப்பா குனிந்து என் குழியின் ஆழத்தை விரலால் அளந்து பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மாவட்டப் போட்டிக்குப் பஸ் காசு அன்றைக்குச் சங்கத்தில் ஒருவரும் தரவில்லை, கொடுத்தது அவர்தான். ஊரில் வேலித் தகராறு வந்தபோது அவரைக் குறை பேசியவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கட்டும்.

பவுடர்ஹாலில் இப்போது வீடுகள். ஆற்றங்கரையில் நடக்கும்போது எனக்கு ஊர் ஞாபகம்தான் வருகிறது.

அதனால் என் 50 பவுண்டை முள் வெட்டவும் இரண்டு லோடு மண் அடிக்கவும் தனியாக எழுதி வையுங்கள், அண்ணா. ரசீது வேண்டும். அப்புறம் அந்தச் செங்கல். யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், தை பிறப்பதற்குள் எடுக்கச் சொல்லுங்கள்.