டெசிக்கேட்: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

வணக்கம். பிளஸ் டூ வேதியியலுக்கு ஆய்வகக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். ‘டெசிக்கேட்’ என்ற ஆங்கில வினையில் வேலை நின்றுவிட்டது. ஈரம் அறவே போகும்படி உலர்த்துவது என்பதுதான் பொருள். லத்தீனில் ‘சிக்கஸ்’ என்றால் வறண்டது. கொடியில் காயும் துணிக்கு இதைச் சொல்ல மாட்டார்கள், ‘டிரை’ போதும். ஆனால் பெட்டியில் வரும் தேங்காய்த் தூளுக்கு ‘டெசிக்கேட்டட்’தான்.

சிக்கல் டெசிக்கேட்டரில். கனத்த கண்ணாடிக் கலன், மூடி விளிம்பில் கிரீஸ், அடியில் நீலச் சிலிக்கா ஜெல். ஈரம் இழுத்தால் அது இளஞ்சிவப்பாகிவிடும். சூடாக்கிய மூசையை (பொருளை வைத்துச் சூடாக்கும் சிறு கிண்ணம்) இதற்குள் வைத்து ஆறவிடுவது, காற்றின் ஈரம் மறுபடி ஏறாமல் இருக்கத்தான். இதற்கும் ‘உலர்த்துதல்’ என்றால் பையன்கள் ஓவன் அடுப்பில் சூடாக்குவதோடு குழப்பிக்கொள்வார்கள். ‘நீர்நீக்கம்’ சரிவராது, அது மூலக்கூறிலிருந்தே நீரைப் பிரிப்பது, சர்க்கரையைக் கந்தக அமிலம் கருக்குகிற கதை.

உங்கள் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் என்ன சொல்கிறீர்கள்? அப்புறம், ‘விதை டெசிக்கேட் ஆகிறது’ என்று தன்வினையாக எழுதுவது இயல்பா? தாவரவியல்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.